பதினைந்து நாள் பயிற்சி எதைத் தரும்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

அண்மையில் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை குறுகிய காலத் தொழிற்பயிற்சிகளைப் பற்றியவை. எழுதியவர்களில் பெரும்பாலோர் பட்டறையிலும் தொழிற்சாலையிலும் ஏற்கெனவே வேலையில் இருப்பவர்கள். சம்பளத்தை இழந்து விடுப்பு எடுத்துக்கொண்டு, கைப்பணத்தைக் கட்டித்தான் அவர்கள் பயிற்சிக்குப் போக வேண்டியிருக்கிறது. எனவே இம்முறை பகுதி முழுவதையும் அந்தக் கடிதங்களுக்கே ஒதுக்கியிருக்கிறேன். எழுதியவர்களின் பெயர்களைத் தவிர்த்து, தொழிலையும் ஊரையும் மட்டும் குறிப்பிடுகிறேன்.

கேள்வி: ஐயா, நான் பதினாறு ஆண்டுகளாக லேத் பட்டறையில் டர்னராக இருக்கிறேன். வயது 38. பத்தாம் வகுப்புத் தேறியிருக்கிறேன், ஐ.டி.ஐ. படிக்கவில்லை. எங்கள் முதலாளி சி.என்.சி. எந்திரம் (கணினி நிரலால் இயங்கும் லேத்) ஒன்றை வாங்கி, அதை ஓட்ட வெளியிலிருந்து ஓர் இளைஞரை வேலைக்கு எடுத்திருக்கிறார். ‘பதினைந்து நாளில் சி.என்.சி. புரோகிராமிங், வேலைக்கு உத்தரவாதம்’ என்று ஒரு மையம் 18,000 ரூபாய் கேட்கிறது. சேரலாமா?
— டர்னர், ஆவாரம்பாளையம், கோயம்புத்தூர்

பதில்: உங்களுக்குச் சி.என்.சி. பயிற்சி அவசியம் தேவை. அந்த மையத்தில்தான் சேர வேண்டுமா என்பதை, பணம் கட்டுவதற்கு முன் ஒரு நாள் நேரில் போய்ப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

முதலில் உங்களிடம் இருப்பது என்னவென்று பார்ப்போம். எந்த உலோகத்துக்கு எவ்வளவு கட் கொடுக்கலாம், எப்போது பிட் (வெட்டும் கருவி) மழுங்குகிறது, சத்தம் மாறினால் என்ன பொருள், சக்கில் (பிடிப்பானில்) ஜாப் (கடையப்படும் துண்டு) ஆடுகிறதா என்பதையெல்லாம் உங்கள் கையும் காதும் அறியும். சி.என்.சி. எந்திரத்துக்கு வெட்டத் தெரியும். வெட்டுவது சரியா என்று அதற்குத் தெரியாது. பிட் உடையப்போகிறது என்பதைச் சத்தத்திலிருந்தே உணர்கிறவர் அருகில் நின்றால் அந்த எந்திரம் வீணாக்கும் ஜாப்களின் எண்ணிக்கை குறையும். பள்ளி முடித்து நேரே சி.என்.சி. பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்கு இந்த அறிவைப் பதினைந்து நாளில் கொடுக்க எந்தப் பயிற்றுநராலும் முடியாது. ஐ.டி.ஐ.யில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பயிற்றுநராக இருந்த அனுபவத்தில் இதைச் சொல்கிறேன்.

நீங்கள் புதிதாகக் கற்க வேண்டியது, கையால் செய்வதை எக்ஸ் (விட்டம்), இசட் (நீளம்) என்ற எண்களாகச் சொல்லும் மொழியை. ஓர் எடுத்துக்காட்டு தருகிறேன். பெரிய விட்டம் 40 மி.மீ., சிறிய விட்டம் 30 மி.மீ., நீளம் 50 மி.மீ. கொண்ட ஒரு டேப்பரை, அதாவது சரிவாக ஒடுங்கும் தண்டை, கடைய வேண்டும். சாதாரண லேத்தில் விட்ட வித்தியாசமான 10-ஐ நீளத்தின் இரு மடங்கான 100-ஆல் வகுத்து, வரும் 0.1-க்குரிய கோணத்தை அட்டவணையில் பார்த்து, காம்பவுண்டு சிலைடை ஏறத்தாழ 5 பாகை 43 கலைக்குத் திருப்பி வைப்பீர்கள். சி.என்.சி.யில் தொடக்கப் புள்ளி எக்ஸ் 30, இசட் 0. முடிவுப் புள்ளி எக்ஸ் 40, இசட் மைனஸ் 50. நடுவில், நேர்கோட்டில் வெட்டச் சொல்லும் ஜி01 என்ற ஒரே கட்டளை. கோணத்தை எந்திரமே கணக்கிட்டுக்கொள்ளும். இதே போல, 25.00 மி.மீ. வர வேண்டிய தண்டு மைக்ரோமீட்டரில் 25.04 காட்டினால், நீங்கள் கைப்பிடியைத் திருப்புவதற்குப் பதிலாகத் தேய்மான ஆஃப்செட்டில் (அளவுத் திருத்தப் பதிவில்) எக்ஸுக்கு மைனஸ் 0.04 என்று பதிவீர்கள். அந்த மைனஸ் குறியை மறந்தால் அடுத்த ஜாப் இன்னும் பெரிதாக வரும். வேறோர் இலக்கத்தில் தவறு செய்தால் டரட் (கருவிகளைத் தாங்கும் தலை) சக்கில் மோதும். அந்த ஒரு மோதலுக்கு உங்கள் முதலாளி செலவழிக்கப்போவது பயிற்சிக் கட்டணத்தைப் போலப் பல மடங்கு.

இப்போது அந்த மையத்துக்குப் போய் என்ன பார்ப்பது? ஒரு கணக்குப் போடுங்கள். பதினைந்து நாள், நாளுக்கு நான்கு மணி என்றால் மொத்தம் 60 மணி. அதில் 20 மணி வகுப்பறைக்குப் போனால் எந்திரத்துக்கு மிஞ்சுவது 40 மணி. ஒரே எந்திரத்தைச் சுற்றி இருபது பேர் நின்றால் ஒருவருக்குக் கிடைப்பது இரண்டே மணி. நான்கு பேர் நின்றால் பத்து மணி. கட்டணத்தை நாட்களால் வகுக்காதீர்கள். உங்கள் கை எந்திரத்தின் மேல் இருக்கப்போகும் மணிகளால் வகுங்கள். கணினித் திரையில் ஓடும் பாவனை மென்பொருளை மட்டும் காட்டி, நிஜ எந்திரத்தைத் துணி போட்டு மூடி வைத்திருக்கும் இடங்களும் உண்டு. துணியை விலக்கச் சொல்லுங்கள். தொட்டியில் கூலண்ட் இருக்கிறதா, தட்டில் அண்மையில் விழுந்த சுருள் கிடக்கிறதா என்று பாருங்கள். உங்கள் பட்டறைக்கு வந்திருக்கும் எந்திரத்தின் கண்ட்ரோல் ஃபானுக்கா, சீமென்ஸா என்று குறித்துக்கொண்டு போய், அதே கண்ட்ரோலில்தான் பயிற்சி தருகிறார்களா என்று கேளுங்கள். அடிப்படை ஒன்றுதான் என்றாலும் பொத்தான்களும் திரைகளும் சுழற்சிக் கட்டளைகளும் வேறுபடும். திங்கட்கிழமை காலையில் உங்கள் முன் நிற்கப்போவது உங்கள் பட்டறை எந்திரம். டூல் செட்டிங், முதல் ஜாப்பை அளந்து திருத்துதல், அலாரம் வந்தால் என்ன செய்வது ஆகிய மூன்றும் பாடத்தில் இல்லையென்றால் அந்தப் பயிற்சி உங்களுக்குரியது அன்று. ‘வேலைக்கு உத்தரவாதம்’ என்பதை விளம்பர வரியாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. பதினாறு ஆண்டு உழைப்புக்கு உங்களிடம் ஒரு காகிதமும் இல்லை என்பது கடிதத்தின் வரிகளுக்கு நடுவே தெரிகிறது. தமிழ்நாட்டு வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறை, அகில இந்தியத் தொழிற்தேர்வைத் தனித்தேர்வராக எழுத அறிவிப்பு வெளியிடுவது வழக்கம். 21 வயது நிறைந்து, அந்தத் தொழிலில் மூன்று ஆண்டு அனுபவம் உள்ளவர்கள் அதற்கு விண்ணப்பிக்கலாம். முதல்நிலைத் தேர்வில் தேறிய பின் முதன்மைத் தேர்வு எழுத வேண்டும். தேறினால், ஐ.டி.ஐ.யில் படித்தவர் பெறும் அதே தேசியத் தொழிற்சான்றிதழ் கிடைக்கும். டர்னர் பிரிவுக்குப் பத்தாம் வகுப்பு கேட்பார்கள், உங்களிடம் இருக்கிறது. அனுபவச் சான்றை முதலாளியிடம் இப்போதே கேட்டு வாங்கி வையுங்கள். அரசு ஐ.டி.ஐ. அலுவலகத்தில் விசாரித்தால் அறிவிப்பு வரும் நேரத்தைச் சொல்வார்கள்.

உங்கள் ஊரில் இந்தக் குறுகிய காலப் பயிற்சி விவாதம் பழையது. ஜி.டி. நாயுடு 1945-இல் கோவையில் அன்றைய சென்னை மாகாண ஆளுநர் ஆர்தர் ஹோப் பெயரில் பொறியியல் கல்லூரியைத் தொடங்கி, அதன் முதல்வராகவும் இருந்தார். நான்காண்டுப் படிப்பு காலவிரயம், இரண்டாண்டே போதும் என்று வாதாடினார்; அரசு ஏற்கவில்லை; அவர் விலகினார். அந்தக் கல்லூரிதான் இன்றைய அரசு தொழில்நுட்பக் கல்லூரி. அவர் குறுகிய காலத்தை நம்பியதற்குக் காரணம், கற்பவரின் கை எப்போதும் எந்திரத்தில் இருக்க வேண்டும் என்று அவர் எண்ணியதுதான் என்பது என் கருத்து. அந்த நிபந்தனையை விட்டுவிட்டு நாட்களை மட்டும் குறைத்தால் மிஞ்சுவது ஒன்றுமில்லை.

கேள்வி: நான் எட்டாம் வகுப்புப் படித்த வெல்டர். பத்து ஆண்டுகளாக ஃபேப்ரிகேஷன் வேலை. வளைகுடாவுக்கு அனுப்புவதாகச் சொல்லும் ஏஜென்ட், ‘6ஜி சர்டிபிகேட் இருந்தால் உடனே விசா’ என்கிறார். சான்றிதழையும் தாமே வாங்கித் தருவதாகச் சொல்கிறார். என்ன செய்யலாம்?
— வெல்டர், திருவெறும்பூர், திருச்சிராப்பள்ளி

பதில்: காசுக்கு வாங்கிய சான்றிதழோடு போகாதீர்கள். வெளிநாட்டுத் தளத்தில் இறங்கியவுடன் உங்களைச் சோதனை அறையில் நிறுத்திக் குழாயைக் கொடுப்பார்கள், எக்ஸ்ரே எடுப்பார்கள். அங்கே தோற்றால் கடனோடு திரும்பி வர வேண்டியதுதான்.

6ஜி என்பது, குழாயை 45 பாகை சாய்த்து அசையாமல் நிறுத்தி, அதைச் சுற்றி நீங்களே நகர்ந்து பற்றவைக்கும் நிலை. கிடைநிலை, செங்குத்து நிலை, தலைக்கு மேல் நிலை எல்லாம் ஒரே இணைப்பில் வருவதால், அதில் தேறியவர் மற்ற நிலைகளிலும் பற்றவைக்கலாம் என்று அமெரிக்க எந்திரப் பொறியாளர் சங்கமான ஏ.எஸ்.எம்.இ.யின் விதித்தொகுப்பின் ஒன்பதாம் பகுதி ஏற்கிறது. ஆனால் அந்தத் தகுதி எல்லாவற்றுக்கும் பொதுவானது அன்று. ஆர்க் வெல்டிங்கில் தேறினால் அது ஆர்க் வெல்டிங்குக்கு மட்டும். ஆர்கான் வெல்டிங்குக்குத் தனியாகத் தேற வேண்டும். சோதனைக் குழாயின் வெளிவிட்டம் 73 மி.மீ.க்கு மேல் என்றால் 73 மி.மீ. அளவிலும் அதற்கு மேலும்தான் தகுதி. அதைவிடச் சிறிய குழாய்க்குச் சிறிய குழாயிலேயே சோதனை தர வேண்டும். இட்ட பற்றின் கனம் 13 மி.மீ.க்குக் குறைவாக இருந்தால், அதன் இரு மடங்குக் கனம் வரைதான் நீங்கள் பற்றவைக்கலாம். எனவே சான்றிதழைக் கையில் வாங்கும்போது ‘6ஜி’ என்ற எழுத்தை மட்டும் பார்க்காமல், எந்த முறை, எந்த விட்டம், எவ்வளவு கனம் என்ற மூன்று வரிகளையும் படியுங்கள். இதற்கு மேலும் ஒரு விதி இருக்கிறது. ஆறு மாதம் அந்த முறையில் பற்றவைக்காமல் இருந்தால் தகுதி காலாவதியாகிவிடும். பயிற்சி முடித்த கையோடு அந்த வேலையில் இறங்க வழியில்லாதவருக்கு இந்தப் பயிற்சியால் பயன் மிகக் குறைவு. கொதிகலன் வேலைக்கான ஐ.பி.ஆர். சான்று தனி, அது இரண்டு ஆண்டுக்குச் செல்லும், பிறகு புதுப்பிக்க வேண்டும்.

உங்கள் வீட்டுக்கு அருகிலேயே, பெல் (பி.எச்.இ.எல்.) நிறுவன வளாகத்தில், 1975-இல் தொடங்கப்பட்ட வெல்டிங் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. வெல்டர்களுக்கான குறுகிய காலப் பயிற்சிகளை நடத்துவது அதன் பணிகளில் ஒன்று. நாட்டின் பல பகுதிகளிலிருந்து ஆட்கள் அங்கே வந்து படிக்கும்போது, திருவெறும்பூர்க்காரர் ஏஜென்டிடம் சான்றிதழ் கேட்க வேண்டியதில்லை. இதுவரை நீங்கள் தட்டையான தகடுகளையும் சட்டங்களையும் மட்டும் பற்றவைத்திருந்தால், நேரே 6ஜி-க்குத் தாவாமல், முதலில் தகட்டில் 3ஜி (செங்குத்து), 4ஜி (தலைக்கு மேல்) நிலைகளைப் பழகுங்கள். ரூட் ரன் (அடியில் இடும் முதல் பற்று) உள்ளே சீராக இறங்குகிறதா என்று குழாயை அறுத்து நீங்களே பாருங்கள். குறை அங்கேதான் ஒளிந்திருக்கும்.

ஏஜென்ட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 1983-ஆம் ஆண்டுக் குடியகல்வுச் சட்டப்படி அவர் பதிவு பெற்றவராக இருக்க வேண்டும். மத்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் அவருடைய பதிவு எண்ணைச் சரிபார்க்கலாம். அவர் உங்களிடம் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கு 30,000 ரூபாயும் அதற்குரிய வரியும் உச்ச வரம்பு. வாங்கினால் ரசீது தர வேண்டும். பத்தாம் வகுப்புத் தேறாததால் உங்கள் பாஸ்போர்ட் குடியகல்வு அனுமதி தேவைப்படும் வகையில் வரும். அந்த அனுமதி இல்லாமல் ‘விசிட் விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம்’ என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

கேள்வி: மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்திருக்கிறேன். பத்தே நாளில் ஐந்து என்.டி.டி. முறைகளில் லெவல்-2 சான்று தருவதாக ஒரு நிறுவனம் அழைக்கிறது. எதிர்காலம் உண்டா?
— இளைஞர், இராணிப்பேட்டை

பதில்: தொழிலுக்கு எதிர்காலம் உண்டு, தம்பி. அந்தப் பத்து நாளுக்கு இல்லை.

பொருளை உடைக்காமல் உள்ளே விரிசல் இருக்கிறதா என்று கண்டுபிடிக்கும் இந்தத் தொழிலில் பெரும்பாலும் பின்பற்றப்படுவது எஸ்.என்.டி.-டி.சி.-1ஏ என்ற வழிகாட்டு நடைமுறை. அதன்படி மீயொலிச் சோதனைக்கு லெவல்-1, லெவல்-2 இரண்டுக்கும் தலா சுமார் 40 மணி நேரப் பயிற்சி பரிந்துரைக்கப்படுகிறது. பத்து நாள், நாளுக்கு எட்டு மணி என்றால் 80 மணி. அந்த ஒரு முறைக்கே அது சரியாகிவிடும். மற்ற நான்கை எங்கே சொல்லித் தருவார்கள்? வகுப்புக்கு மேல், அந்த முறையில் வேலை செய்த அனுபவம் லெவல்-1-க்கு 210 மணியும் லெவல்-2-க்கு மேலும் 630 மணியும் கேட்கப்படுகிறது. அதைவிட முக்கியமானது, அந்த நடைமுறைப்படி சான்றளிக்கும் பொறுப்பு வேலை கொடுப்பவருடையது. பயிற்சி நிறுவனம் தருவது பயிற்சி முடித்ததற்கும் தேர்வு எழுதியதற்குமான ஆதாரம். வேலை மாறினால் புதிய நிறுவனம் உங்களை மறுபடி சோதித்துச் சான்றளிக்கும். நிறுவனத்தைச் சாராத சான்று வேண்டுமானால் ஐ.எஸ்.ஓ. 9712 என்ற பன்னாட்டுத் தரநிலையின் வழியில் செல்ல வேண்டும். ரேடியோகிராபியில் கதிர்வீச்சு மூலத்தைத் தொடுவதற்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் விதிகளுக்கு உட்பட்ட தனிப் பயிற்சி கட்டாயம்.

சாயம் ஊடுருவும் சோதனையும் காந்தத் துகள் சோதனையும் எளிதில் பிடிபடுபவை, செலவும் குறைவு. அவற்றோடு தொடங்கி, ஒரு சோதனை நிறுவனத்தில் உதவியாளராகச் சேர்ந்து, மணிக்கணக்கைப் பதிவேட்டில் எழுதி மேலதிகாரியின் கையொப்பம் வாங்கி வாருங்கள். பிறகு மீயொலிக்குப் போகலாம். பணம் கட்டுவதற்கு முன் கண் மருத்துவரைப் பாருங்கள். கிட்டப் பார்வையும் நிறவேறுபாட்டை உணரும் திறனும் இந்தத் தொழிலில் சோதிக்கப்படும்.

கேள்வி: வந்தவாசிப் பக்கத்துக் கிராமத்தைச் சேர்ந்தவள். பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, மூன்று ஆண்டுகளாக ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் ஒப்பந்த முறையில் லைன் ஆபரேட்டராக இருக்கிறேன், விடுதியில் தங்கியிருக்கிறேன். ஒரே இடத்தில் நின்று ஒரே வேலையைச் செய்கிறேன். தரச் சோதனைப் பிரிவுக்குப் போக எந்தப் பயிற்சி உதவும்? ஷிப்டு மாறிக்கொண்டே இருப்பதால் தொடர்ந்து படிக்க இயலாது.
— வாசகி, ஸ்ரீபெரும்புதூர்

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மூன்றாண்டு வேலைக்குப் பிறகும் ஒரே ஒரு நிலையத்தின் வேலை மட்டுமே தெரிந்திருப்பது உங்கள் குறை அன்று. லைன் அப்படித்தான் பிரித்து அமைக்கப்பட்டிருக்கிறது. ஆகையால் உங்களுக்குரிய முதல் பயிற்சி, லைன் முழுவதையும் தலை முதல் கால் வரை அறிந்துகொள்வது. சால்டர் பேஸ்ட் அச்சாகும் இடம், உதிரிகளை எடுத்து வைக்கும் எந்திரம், பேஸ்ட்டை உருக்கும் ரீஃப்ளோ அடுப்பு, கேமரா வழியாகச் சோதிக்கும் நிலையம் என்று மின்சுற்றுப் பலகை போகும் வழியில் ஒவ்வோர் இடத்திலும் என்ன பிழை பிறக்கிறது என்பதை ஒரு நோட்டில் எழுதத் தொடங்குங்கள். பேஸ்ட் அதிகமானால் உதிரியின் இரு கால்களுக்கு இடையே பாலம் விழும். சிறிய உதிரியின் ஒரு முனையில் மட்டும் சால்டர் முந்தி உருகினால் அது கல்லறைக் கல்லைப் போல நிமிர்ந்து நிற்கும். இந்தக் காரண-விளைவைச் சொல்லத் தெரிந்தவரைத்தான் தரப் பிரிவு தேடுகிறது.

பயிற்சி என்று பார்த்தால், மின்னணுப் பலகைகளை எப்போது ஏற்பது, எப்போது தள்ளுவது என்பதற்கு உலகெங்கும் பயன்படும் தரநூல் ஐ.பி.சி.-ஏ-610. அதற்கான பயிற்சி சில நாட்களில் முடிந்துவிடும், தேர்வும் உண்டு. ஷிப்டுக்கு நடுவில் விடுப்பு எடுத்துப் போய் வரலாம். தேறினால் கிடைக்கும் சான்று இரண்டு ஆண்டுக்குச் செல்லும். கட்டணம் தனியொருவருக்குக் கனமாக இருக்கலாம் என்பதால், நிறுவனத்தின் செலவில் அனுப்ப முடியுமா என்று தரப் பிரிவு மேலாளரிடம் எழுத்தில் கேளுங்கள். ஒப்பந்தத் தொழிலாளி இப்படிக் கேட்கக் கூடாது என்று எந்த விதியும் இல்லை. மறுத்தால், கையால் சால்டர் செய்வதும் நிலைமின் பாதுகாப்பும் கற்றுத் தரும் குறைந்த கட்டணப் பயிற்சியிலிருந்து தொடங்குங்கள்.

சற்று நீண்ட வழி ஒன்றும் உண்டு. தமிழ்நாடு அரசு, டாடா டெக்னாலஜிஸ் நிறுவனத்துடன் சேர்ந்து 71 அரசு ஐ.டி.ஐ.களை ஏறத்தாழ 2,877 கோடி ரூபாய்த் திட்டத்தில் ‘தொழில் 4.0’ (கணினிவழித் தானியங்கி உற்பத்தி) மையங்களாக மாற்றியது. உங்களுக்கு அருகிலுள்ள ஒரகடம் அவற்றில் ஒன்று. அங்கே நீண்ட காலப் பிரிவுகளோடு குறுகிய காலப் பயிற்சிகளும் வைக்கப்பட்டுள்ளன. ஐ.டி.ஐ. சேர்க்கையில் பெண்களுக்கு உச்ச வயது வரம்பு இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள். ஒப்பந்தம் முடிந்து வீட்டுக்குத் திரும்ப நேர்ந்தாலும் அந்தக் கதவு திறந்தே இருக்கும்.

கேள்வி: காணொளிகளைப் பார்த்தே எல்லாவற்றையும் கற்றுவிட முடியாதா?
— வாசகர், சேலம்

பதில்: வரைபடம் படிப்பது, டாலரன்ஸ் (அளவில் அனுமதிக்கும் வித்தியாசம்) கணக்கு, உலோகங்களின் தன்மை ஆகியவற்றைக் கற்கலாம், என்.பி.டெல் என்னும் இணையவழிப் பாடங்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. மைக்ரோமீட்டரை எவ்வளவு இறுக்க வேண்டும் என்பதைக் காணொளி கற்றுத் தராது.

கேள்வி: நான் 34 பேர் வேலை செய்யும் சிறு தொழிற்கூடத்தை நடத்துகிறேன். ஆட்களை வெளியே பயிற்சிக்கு அனுப்பினால், முடித்தவுடன் பெரிய கம்பெனிக்குப் போய்விடுகிறார்கள். இனி அனுப்ப வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறேன். சரிதானே?
— தொழில்முனைவோர், அம்பத்தூர்

பதில்: உங்கள் இழப்பு எனக்குப் புரிகிறது, முடிவை ஏற்க முடியவில்லை. பயிற்சி பெற்றவர் போய்விட்டால் ஓர் ஆள் குறைவார். பயிற்சி பெறாதவர் உங்களிடமே இருந்தால், கழிவுத் தொட்டியில் விழும் ஜாப்களை நாள்தோறும் எண்ண வேண்டியிருக்கும். பயிற்சியிலிருந்து திரும்பியவரை அதே பழைய எந்திரத்தில் அதே சம்பளத்தில் நிறுத்தினீர்களா என்பதையும் நீங்கள் சொல்லவில்லை. பயிற்சிக்கு அனுப்பும் முன்பே, திரும்பி வந்தால் எந்த வேலை, எவ்வளவு உயர்வு என்று எழுதிக் கொடுத்துப் பாருங்கள்.

எல்லாப் பயிற்சிக்கும் வெளியே அனுப்ப வேண்டியதும் இல்லை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1940 முதல் 1945 வரை, அமெரிக்கத் தொழிற்சாலைகளில் அனுபவமற்ற இலட்சக்கணக்கானோரை விரைவில் வேலைக்குப் பழக்க ஒரு முறை உருவானது. ‘டிரெயினிங் விதின் இண்டஸ்ட்ரி’ என்ற அதை டி.டபிள்யூ.ஐ. என்று சுருக்கமாகச் சொல்வர். போருக்குப் பின் அது ஜப்பானுக்குப் போய் அங்கே வேரூன்றியது. டொயோட்டாவின் பயிற்சி முறைக்கும் அதுவே அடித்தளம். மேஸ்திரிகளுக்கு ‘எப்படிக் கற்றுக்கொடுப்பது’ என்று சொல்லித் தரும் அதன் பாடம், இரண்டு மணி வீதம் ஐந்து அமர்வுகள், ஆகமொத்தம் பத்தே மணி. கற்பவரை ஆயத்தப்படுத்துவது, செய்து காட்டுவது, அவரையே செய்ய வைப்பது, பிறகு தொடர்ந்து கவனிப்பது என்ற நான்கு படிகள்தாம் அதில் உண்டு. ஒவ்வொரு வேலைக்கும் முன்னதாக ஒரு தாளில் மூன்று பத்திகள் எழுத வேண்டும்: படி, அதில் கவனிக்க வேண்டியது, காரணம்.

தண்டில் பேரிங் ஏற்றுவதை எடுத்துக்கொள்ளுங்கள். படி: பேரிங்கை அழுத்தி ஏற்றுதல். கவனிக்க வேண்டியது: அழுத்தம் உள்வளையத்தின் மேல் மட்டும் விழ வேண்டும். காரணம்: வெளிவளையத்தில் அடித்தால் விசை குண்டுகள் வழியாகப் போய், ஓடுபாதையில் பள்ளம் விழும், ஓடத் தொடங்கிய சில நாட்களிலேயே சத்தம் வரும். நம் பட்டறைகளில் முதல் பத்தியைச் சொல்லித் தருகிறார்கள், இரண்டாவதைத் திட்டித் தெரிவிக்கிறார்கள், மூன்றாவதை யாரும் சொல்வதே இல்லை. உங்கள் கூடத்தின் பத்து முக்கிய வேலைகளுக்கு இப்படிப் பத்துத் தாள்களை மூத்த தொழிலாளரிடம் கேட்டு எழுதுங்கள். சனிக்கிழமை பிற்பகல் இரண்டு மணி நேரம் அதற்குப் போதும். யாருக்கு எந்த வேலை தெரியும் என்ற அட்டவணை ஒன்றையும் சுவரில் மாட்டிவிட்டால், ஒருவர் போனால் அந்த இடத்துக்கு யாரைப் பழக்க வேண்டும் என்பது முன்கூட்டியே தெரிந்துவிடும்.

உங்களிடம் முப்பது பேருக்கு மேல் இருப்பதால், 1961-ஆம் ஆண்டு தொழிற்பழகுநர் சட்டத்தின் கீழ், ஊழியர் எண்ணிக்கையில் 2.5 முதல் 15 விழுக்காடு வரை பழகுநர்களை எடுக்கும் கடமையும் உங்களுக்கு உண்டு. 34 பேருக்கு அது ஒருவர் முதல் ஐவர் வரை. தேசியத் தொழிற்பழகுநர் ஊக்குவிப்புத் திட்டத்தில், உதவித்தொகையின் கால் பங்கை, மாதம் 1,500 ரூபாய் வரை, மத்திய அரசு ஏற்கிறது. கடமை என்று மட்டும் நினைக்காமல், உங்கள் பத்துத் தாள்களை முதலில் அவர்களிடம் பயன்படுத்திப் பாருங்கள்.

கேள்வி: வயது 47. இருபத்திரண்டு ஆண்டுகளாகத் தொழிற்சாலைப் பராமரிப்பில் எலெக்ட்ரீஷியன். புதிய எந்திரங்கள் எல்லாமே பி.எல்.சி.யில் (நிரலால் எந்திரத்தை இயக்கும் கட்டுப்பாட்டுக் கருவியில்) ஓடுகின்றன, பழுது வந்தால் என்னை ஒதுக்கி நிறுத்திவிட்டு, லேப்டாப் வைத்திருக்கும் பையன்களைக் கூப்பிடுகிறார்கள். இந்த வயதில் படித்தால் தலையில் ஏறுமா?
— எலெக்ட்ரீஷியன், ஓசூர்

பதில்: ஏறும். வேலையில் இருக்கும் தொழிலாளரைச் சில வார காலப் பயிற்சிக்கு அழைத்துப் புதிய நுட்பம் கற்றுத் தரும் உயர்நிலைத் தொழிற்பயிற்சித் திட்டம் 1977-இலேயே நம் நாட்டில் தொடங்கியது. இன்று தேசியத் திறன் பயிற்சி நிலையமாக இருக்கும் கிண்டி நிலையமும் அதில் ஒன்று. நிறுவனமே அனுப்பி வைக்கும் அத்தகைய பயிற்சிகளில் உங்கள் வயதினர் அமர்வது இயல்பானது. உங்கள் தொழிற்சாலையின் பயிற்சிப் பிரிவில் இதைக் கேளுங்கள். அதோடு, உங்கள் மாவட்டத்துத் ‘தொழில் 4.0’ மையம் எது என்றும் விசாரியுங்கள்.

நீங்கள் நினைப்பதைவிடப் பி.எல்.சி. உங்களுக்கு நெருக்கமானது. அதன் ஏணி வரைபடம், நீங்கள் இருபத்திரண்டு ஆண்டுகளாகப் படித்துவரும் கண்ட்ரோல் சர்க்யூட்டைப் பார்த்தே உருவாக்கப்பட்டது. வகுப்புக்குப் போவதற்கு முன், மோட்டாரைக் கிளப்பும் ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர் ஒன்றின் கண்ட்ரோல் சர்க்யூட்டை வெள்ளைத்தாளில் நினைவிலிருந்து வரையுங்கள்: மூன்று காண்டாக்டர்கள் (மின்காந்த சுவிட்சுகள்), ஒரு டைமர், ஸ்டார்ட் பொத்தான், ஸ்டாப் பொத்தான், பிடித்து வைக்கும் காண்டாக்ட். பயிற்சியின் முதல் நாளே அந்தத் தாளைப் பயிற்றுநரிடம் கொடுத்து, இதை ஏணி வரைபடமாக்கிக் காட்டுங்கள் என்று கேளுங்கள்.

அப்போது ஓரிடத்தில் குழப்பம் வரும், எல்லாருக்கும் வருவதுதான். ஸ்டாப் பொத்தானை நீங்கள் ஒயரிங்கில் மூடிய காண்டாக்டாகத்தான் இணைப்பீர்கள். ஆனால் ஏணி வரைபடத்தில் அதைத் திறந்த காண்டாக்டாக எழுதுவார்கள். பொத்தானை அழுத்தாத வரை மின்னோட்டம் பி.எல்.சி.யின் உள்ளீட்டுக்கு வந்துகொண்டே இருப்பதால், நிரலில் அந்தத் திறந்த காண்டாக்ட் மூடியதாகக் கணக்காகும். பொத்தானை அழுத்தினாலோ, வழியில் ஒயர் அறுந்துவிட்டாலோ, உள்ளீடு இல்லாமல் போய் மோட்டார் நின்றுவிடும். ஒயர் அறுந்தால் எந்திரம் நிற்க வேண்டும் என்பது உங்களுக்கு எப்போதோ தெரிந்த பாதுகாப்பு விதி.

லேப்டாப் வைத்திருக்கும் இளைஞர்கள் சிலர், ஸ்டாரும் டெல்டாவும் ஒரே நேரத்தில் இயங்காமல் தடுக்கும் இண்டர்லாக்கை நிரலில் போட்டாயிற்று என்று ஒயரிங்கில் விட்டுவிடுவதுண்டு. காண்டாக்டரின் முனை ஒட்டிக்கொண்டால் நிரலுக்கு அது தெரியாது. இரண்டும் ஒருசேர இழுத்து மூன்று கட்டங்களும் குறுக்குச் சுற்றாகும். எமர்ஜென்சி பொத்தானும் அப்படியே. அது நிரலை மட்டும் நம்பி இருக்கக் கூடாது, பாதுகாப்பு ரிலே வழியாக நேரே மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டும். பயிற்சி முடிந்து திரும்பியதும், உங்கள் பிரிவிலுள்ள பி.எல்.சி. பேனல்கள் ஒவ்வொன்றையும், மின்சாரத்தை நிறுத்திப் பூட்டிய பிறகு திறந்து, இந்த இரண்டு ஒயரிங்கும் இருக்கின்றனவா என்று பார்த்துப் பட்டியலிடுங்கள். அந்தப் பட்டியலைப் பராமரிப்பு மேலாளரிடம் கொடுங்கள்.